சட்டம் பார்க்காத இடத்திலும் கடமை உண்டு

"சட்டம் தடுக்கவில்லையே, பிறகென்ன குற்றம்?" என்று கேட்பவர்களை நாம் அன்றாடம் சந்திக்கிறோம். "சட்டம் தடுத்தால்தான் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்பவர்களையும் சந்திக்கிறோம். முதலாமவர் சட்டத்தை மதிப்பவர் போலவும், இரண்டாமவர் மதியாதவர் போலவும் தோன்றும். ஆழ்ந்து பார்த்தால் இருவரும் ஒரே மத்ரஸாவில் ஓதியவர்களே! சட்டத்தின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் கடமை என்று ஒன்று இருப்பதை இருவருமே ஒப்புக்கொள்ளவில்லை.

சட்டம் வேறு, கடமை வேறா? இரண்டும் ஒன்றா? ஒன்றுக்கொன்று எவ்வளவு உறவு? இந்தக் கேள்வியைப் பெரிய கிதாபுகளின் நடையில் பேசினால் நம் வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் விளங்காமல் போகலாம். ஆகவே ஓர் ஏரிக்கரைக்குப் போய் அங்கிருந்தே இந்தப் பாடத்தைத் தொடங்குவோம்.

பழவேற்காட்டுப் பாடு

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோ மீட்டர் தொலைவில், பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய ஊர். அதற்கு முன்பே முஸ்லிம் வணிகர்களின் கப்பல்கள் வந்து சென்ற ஊர். நம் வீடுகளில் உடுத்தும் 'பளையகாட்' கைலியின் பெயரில் இன்றும் இந்த ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊரை ஒட்டிய ஏரி, ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆந்திரத்திலும் தமிழகத்திலுமாகப் பரந்து கிடக்கிறது. ஆரணியாறும் காளங்கியும் ஸ்வர்ணமுகியும் நன்னீர் கொண்டு வருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உவர்நீர் கொண்டு வருகிறது. அந்த நீரோட்டத்தோடு இறாலும் மடவையும் நண்டும் வருகின்றன.

ஏரி முழுவதும் ஒரே மாதிரி விளையாது. முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களில் இறால் மிகுதி; மற்ற இடங்களில் குறைவு. நல்ல இடத்தை எல்லோரும் விரும்புவார்கள். வலுத்தவன் பிடித்துக்கொண்டால் இளைத்தவன் வீட்டில் அடுப்பு எரியாது. இதற்காக அங்குள்ள மீனவ மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடித்து வந்த ஏற்பாட்டுக்குப் 'பாடு' என்று பெயர். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், அரங்கம்குப்பம் ஆகிய குப்பங்களின் பாட்டு முறையை ஆராய்ச்சியாளர்கள் விரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். கழி நட்டுச் சுற்றிக் கட்டும் சுத்து வலைக்கு உரிய நல்ல இடங்கள் இன்னின்னவை என்று வகுத்துக்கொள்வார்கள். இன்று இந்தக் குப்பம், நாளை அந்தக் குப்பம் என்று முறை வைப்பார்கள். குப்பத்துக்குள் யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவன் வேறொரு நாள் மோசமான இடத்துக்குப் போவான். முறை மாறி வலை கட்டியவனை ஊர்ப் பஞ்சாயத்துக் கூட்டி விசாரித்து அபராதம் போடும்.

இது பாராளுமன்றத்தில் நிறைவேறிய சட்டமன்று, ஊர் வழக்காறு. வழக்காறு என்றால் ஏதோ வாய்ப்பேச்சு என்று எண்ணிவிட வேண்டாம். நமது அரசியல் சட்டத்தின் 13-வது பிரிவு, சட்டத்தின் வலிமை பெற்ற வழக்காற்றையும் 'சட்டம்' என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமும் உள்ளூர் வழக்கத்தால் வரும் உரிமைகளுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. நம் ஃபிக்ஹு அறிஞர்களும், மார்க்கத்தின் தெளிவான கட்டளைக்கு முரணாக இல்லாத ஊர் வழக்கத்தை ('உர்ஃப்') தீர்ப்புக்கு ஆதாரமாக ஏற்றிருக்கிறார்கள்.

ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஏரி பெரிது, இரவு இருட்டு. தன் முறை இல்லாத நாளில் ஒருவன் படகைக் கரையிலேயே நிறுத்தி வைக்கிறான். ஏன் நிறுத்துகிறான்? பஞ்சாயத்துக்கு அஞ்சியா? அல்லது, 'இன்று இந்த நீர் என் சகோதரனுடையது' என்ற எண்ணத்தாலா? வெளியே பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றே. படகு கரையில்தான் கிடக்கிறது. உள்ளே பார்ப்பவனுக்கு இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

சீட்டுக் குலுக்குவது சூதாகுமா?

இங்கே சில வாசகர்களுக்கு ஒரு சந்தேகம் எழலாம். சீட்டுக் குலுக்குவது மார்க்கத்தில் ஆகுமா? சூதாட்டத்தைத் திருக்குர்ஆன் (5:90) ஷைத்தானின் செயலென்று விலக்கியிருக்கிறதே! அம்பெய்து குறி பார்ப்பதும் (5:3) தடுக்கப்பட்டதல்லவா?

சூதாட்டம் என்பது ஒருவன் பொருளை வைத்து, மற்றவன் பொருளை உழைப்பின்றிக் கவர்வது. குறி பார்ப்பது என்பது மறைவானதை அறிய முயல்வது. சம உரிமை உள்ளவர்களுக்கிடையே முறையைத் தீர்மானிக்கச் சீட்டெடுப்பது இவ்விரண்டிலும் சேராது. மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதற்கு எழுதுகோல்களைப் போட்டுப் பார்த்ததைத் திருமறை (3:44) குறிப்பிடுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது தம் மனைவியரில் யாரை உடன் அழைத்துச் செல்வது என்பதற்குச் சீட்டெடுத்ததாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் உள்ளது. பாரபட்சம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் செய்வதற்குச் சீட்டு ஒரு வழி. எல்லோரும் சமம் என்று முதலில் ஒப்புக்கொண்டவர்களே சீட்டெடுக்க முடியும்.

ஜெர்மானிய ஞானி சொன்ன கடைக்காரன்

கடமையைப் பற்றி மேனாட்டில் ஆழ்ந்து எழுதியவர் இம்மானுவேல் காண்ட் என்ற ஜெர்மானிய தத்துவ ஞானி. 1724-ல் பிறந்து 1804-ல் மறைந்தவர். கோனிக்ஸ்பெர்க் என்ற துறைமுக நகரத்தில் வாழ்ந்தவர். ஒழுக்கத்தின் அடிப்படை எது என்பதைப் பற்றி 1785-ல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு கடைக்காரன் உதாரணம் வருகிறது. விவரம் அறியாத ஒரு சிறு பிள்ளை கடைக்கு வந்தாலும் அந்தக் கடைக்காரன் மற்றவர்களுக்குச் சொல்லும் அதே விலையைத்தான் சொல்கிறான். நல்ல செயல்தான். ஆனால் எதற்காகச் செய்தான்? கடையின் பெயர் கெட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பதற்காகச் செய்திருந்தால், அது கடமைக்கு ஒத்த செயல். கடமைக்காகச் செய்த செயலன்று என்கிறார் காண்ட்.

இதை ஏரிக்கரைக்குக் கொண்டு வருவோம். இறாலுக்கு விலை, கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்ற கணக்கை ஒட்டியது. எண்ணிக்கை குறைந்தால் இறால் பெரிது; விலையும் கூடுதல். தகப்பன் காய்ச்சலில் படுத்திருக்க, பத்து வயதுப் பையன் கூடையைத் தூக்கிக்கொண்டு வியாபாரியிடம் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு முப்பது நிற்கும் இறாலை நாற்பது என்று சொன்னாலும் அவனுக்குத் தெரியாது. அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. அந்த நேரத்தில் வியாபாரியின் நாவை அடக்குவது எது? அளவையில் மோசம் செய்வோருக்குக் கேடு என்று தொடங்கும் ஓர் அத்தியாயமே (83) திருமறையில் இருக்கிறது. அந்த அத்தியாயத்தை அவர் தொழுகையில் எத்தனையோ முறை ஓதியிருப்பார். பையன் முன்னால் நிற்கும் அந்த ஒரு நிமிடம்தான் அவர் ஓதியதற்குப் பரீட்சை!

காண்ட் இன்னொரு அளவுகோலும் கொடுத்தார். நீ செய்யப் போகும் காரியத்தை எல்லோருக்கும் பொது விதியாக்கினால் அதை நீ ஒப்புக்கொள்வாயா என்று கேட்டுப் பார் என்றார். கொசுவலை போன்ற சிறுகண் வலையைப் போட்டுக் குஞ்சுகளை அள்ளுகிறவன், 'நான் ஒருவன் அள்ளினால் ஏரி வற்றிவிடுமா?' என்கிறான். ஏரி வற்றாது. ஆனால் எல்லோரும் அப்படி அள்ளினால் அடுத்த பருவத்துக்கு அள்ள ஒன்றும் இராது. மற்றவர்கள் அள்ளாதிருப்பதை நம்பித்தான் இவன் அள்ளுகிறான். தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாத வரை ஈமான் நிறைவு பெறாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததை நினைத்துப் பாருங்கள். அந்த ஜெர்மானியர் பிறப்பதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பே நமக்குத் தரப்பட்ட அளவுகோல் அது.

எங்கே ஒன்றுபடுகிறோம், எங்கே வேறுபடுகிறோம்?

செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்ற கருத்துள்ள ஹதீஸை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் நூலின் முதல் ஹதீஸாக வைத்தார்கள். நிய்யத்து இல்லாத தொழுகை வெறும் தேகப்பயிற்சி. இந்த இடத்தில் காண்ட் சொல்வதும் நாம் அறிந்திருப்பதும் ஒத்துப் போகின்றன.

வேறுபடும் இடங்களும் உண்டு. கடமையின் கட்டளை மனிதனின் அறிவிலிருந்தே பிறக்கிறது என்பது அவர் கொள்கை. கட்டளையிடுபவன் அல்லாஹ், அதை விளங்கிக்கொள்ளும் கருவி அறிவு என்பது நம் கொள்கை. அல்லாஹ்வை நாம் பார்ப்பது போலவும், நாம் பார்க்காவிட்டாலும் அவன் நம்மைப் பார்க்கிறான் என்ற உணர்வோடும் வணங்குவதே 'இஹ்ஸான்' என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். இருட்டில் படகைக் கரையில் நிறுத்தி வைக்கும் சக்தி அந்த உணர்விலிருந்து வருகிறது.

இன்னொரு வேறுபாடு. கொலைகாரன் ஒருவன் துரத்தி வருகிறான், ஓடி வந்தவன் உன் வீட்டில் ஒளிந்திருக்கிறான், 'இங்கே இருக்கிறானா?' என்று கொலைகாரன் கேட்கிறான். அப்போதும் பொய் சொல்லக் கூடாது என்று 1797-ல் எழுதிய ஒரு கட்டுரையில் காண்ட் வாதிட்டார். ஹிஜ்ரி 505-ல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ, அநியாயக்காரனிடமிருந்து ஒளிந்திருப்பவனின் உயிரைக் காக்க வேறு வழியில்லாதபோது பொய் சொல்வதே கடமை என்று இஹ்யாவில் எழுதினார்கள். கடமைகள் ஒன்றோடொன்று மோதும்போது எது முந்தியது என்று தராசில் நிறுத்துப் பார்ப்பது ஃபிக்ஹின் வேலை. அதனால்தான் நம் அறிஞர்கள் ஃபர்ளு, சுன்னத்து, முபாஹ், மக்ரூஹ், ஹராம் என்று செயல்களைத் தரம் பிரித்தார்கள். உலகச் சட்டத்துக்கு 'செய்யலாம், செய்யக் கூடாது' என்ற இரண்டு அறைகளே பெரும்பாலும் போதும். நம் மார்க்கம் இடையிலே இன்னும் சில அறைகளைக் கட்டி வைத்திருக்கிறது. தண்டனை இல்லாத, ஆனால் தவிர்க்க வேண்டிய மக்ரூஹும், கட்டாயமில்லாத, ஆனால் செய்ய வேண்டிய சுன்னத்தும் அந்த அறைகளில் இருக்கின்றன.

நீதிமன்றம் எதுவரை பார்க்கும்?

காண்ட் 1797-ல் எழுதிய மற்றொரு நூலில் கடமைகளை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, சட்டம் வற்புறுத்திச் செய்ய வைக்கக்கூடியது. மற்றொன்று, ஒருவன் தன்னைத்தானே வற்புறுத்தினாலன்றி நடவாதது. கடனைத் திருப்பிக் கொடு என்று சட்டம் சொல்லலாம். நன்றியோடு கொடு என்று எந்தச் சட்டமும் சொல்ல முடியாது.

நம் அறிஞர்களும் இதே கோட்டை வரைந்திருக்கிறார்கள். காஜியின் தீர்ப்பு வெளிப்படையைப் பார்த்தது. அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையேயுள்ள கணக்கு அதற்கு அப்பால் நிற்பது. உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸின் கருத்தைப் பாருங்கள். வழக்குடன் வந்தவர்களிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தாமும் ஒரு மனிதரே என்றும், ஒருவர் மற்றவரைவிடத் திறமையாக வாதாடக்கூடும் என்றும், தாம் கேட்டதை வைத்தே தீர்ப்பளிப்பதாகவும் சொன்னார்கள். அப்படித் தீர்ப்பளித்ததில் பிறருடைய உரிமை ஒருவர் கைக்கு வந்துவிட்டால் அதை அவர் எடுக்க வேண்டாம், அது நெருப்பின் துண்டு என்றும் எச்சரித்தார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! தீர்ப்பளிப்பவர் அல்லாஹ்வின் தூதர். அந்தத் தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது என்றால், 'கோர்ட்டே எனக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டது' என்று நாம் நெஞ்சை நிமிர்த்துவதில் என்ன பொருள்? வழக்கில் வென்றவன் வீட்டுக்கு வந்த பிறகுதான் இரண்டாவது விசாரணை தொடங்குகிறது. அங்கே வக்கீல் கிடையாது.

ஆகவே சட்டம் வேண்டாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எல்லோரும் இஹ்ஸான் உடையவர்களாக இருந்தால் பூட்டே வேண்டாம், இல்லையே! வெடி வைத்து மீன் கொல்வதையும் நீரில் நஞ்சு கலந்து பிடிப்பதையும் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் குற்றமாக்கியது. மனசாட்சி உறங்குகிறவனிடமிருந்து ஏரியைக் காக்க அந்தச் சட்டம் அவசியம்.

சட்டம் சில நேரங்களில் கடமையையே தன் ஏட்டில் எழுதி வைப்பதும் உண்டு. 1976-ல் நிறைவேறிய 42-வது திருத்தத்தின்படி நம் அரசியல் சட்டத்தில் 51-ஏ பிரிவு சேர்ந்தது. குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் என்று பத்து அதில் எழுதப்பட்டன. 2002-ல் பதினொன்றாவது சேர்ந்தது. காடு, ஏரி, ஆறு, வனவிலங்கு ஆகியவற்றைப் பாதுகாப்பதும், உயிர்களிடம் இரக்கம் காட்டுவதும் அவற்றுள் ஒன்று. 'ஏரி' என்ற சொல்லே அங்கு இருக்கிறது! ஆனால் இந்தக் கடமைகளைச் செய்யாதவனுக்கு அப்பிரிவில் தண்டனை ஏதும் சொல்லப்படவில்லை. நாட்டின் மிகப் பெரிய சட்டமும் ஓரிடத்தில் கோலைக் கீழே வைத்துவிட்டு, 'இதற்கு மேல் உன் பொறுப்பு' என்று குடிமகனிடம் ஒப்படைக்கிறது.

சட்டத்தை ஏய்த்த மீனவ ஊர்

மீனவர் ஊர் ஒன்றின் வரலாறு திருக்குர்ஆனிலேயே வருகிறது (7:163-166). கடலோரத்தில் இருந்த அந்த ஊரை, விரிவுரையாளர்கள் பலர் செங்கடல் கரையிலுள்ள ஐலா என்பார்கள். பனூ இஸ்ராயீல்களான அவ்வூர் மக்களுக்குச் சனிக்கிழமை வணக்கத்துக்குரிய நாள். அன்று மீன் பிடிக்கலாகாது. சோதனை என்னவென்றால், சனிக்கிழமையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு மேலே கூட்டங்கூட்டமாக வரும். மற்ற நாள்களில் தலைகாட்டாது. அவர்கள் என்ன செய்தார்கள்? வெள்ளிக்கிழமையே வலையைக் கட்டி, வாய்க்கால் வெட்டி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போய் அள்ளிக்கொண்டார்கள் என்று தஃப்ஸீர்களில் காண்கிறோம். 'சனிக்கிழமை நாங்கள் வலையைத் தொடவே இல்லையே!' என்று சொல்லிக்கொண்டார்கள். சட்டத்தின் எழுத்தில் ஒரு புள்ளியும் கெடவில்லை. ஆனால் அல்லாஹ்வின் கோபம் அவர்கள் மீது இறங்கியது.

இவர்கள் வெளிப்படையாகச் சட்டத்தை மீறியிருந்தால் ஒரு பாவத்தோடு போயிருக்கும். சட்டத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு கடமையைக் கொன்றதால், அல்லாஹ்வையே ஏமாற்ற முயன்றவர்கள் ஆனார்கள். நம்மிடையே வட்டியை 'கமிஷன்' என்று பெயர் மாற்றி எழுதுகிறவர், ஜகாத்துக்கு ஆண்டு நிறையும் முன்பாகப் பொருளை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டு, அடுத்த மாதம் திரும்ப வாங்கிக்கொள்பவர், சகோதரியிடம் 'எனக்குப் பங்கு வேண்டாம்' என்று வற்புறுத்திக் கையெழுத்து வாங்குபவர் ஆகிய எல்லோரும் வெள்ளிக்கிழமை வலை கட்டியவர்களே. பத்திரம் செல்லும், பதிவு அலுவலகம் முத்திரை குத்தும். மறுமையில் அந்த முத்திரை செல்லுமா?

அந்த ஊரில் மூன்று கூட்டத்தார் இருந்தார்கள். ஒரு கூட்டம் ஏய்த்தது. ஒரு கூட்டம் தடுத்துப் பேசியது. மூன்றாவது கூட்டம் தானும் தவறு செய்யவில்லை. ஆனால் தடுத்தவர்களைப் பார்த்து, 'அழியப் போகிறவர்களுக்கு ஏன் உபதேசம்?' என்று கேட்டது. தடுத்தவர்கள் தந்த பதில் கடமையைப் பற்றிய ஒரு முழுப் பாடம். தங்கள் இறைவனிடம் தாங்கள் பொறுப்பு நீங்குவதற்காகவும், ஒருவேளை அவர்கள் அஞ்சி நடக்கக்கூடும் என்பதற்காகவும் சொல்வதாகப் பதிலளித்தார்கள். பலன் கிடைக்குமா என்பது அவர்களுக்கு இரண்டாவது கணக்கு. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவது முதல் கணக்கு. காப்பாற்றப்பட்டவர்களாகத் திருமறை பெயர் சொல்லிக் குறிப்பது தடுத்தவர்களைத்தான்.

என் பங்கு, என் இஷ்டம்

நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரியில் பதிவான கப்பல் ஹதீஸைப் பலரும் பயான்களில் கேட்டிருப்பீர்கள். ஒரு கூட்டத்தார் கப்பலில் இடத்துக்காகச் சீட்டெடுத்தார்கள். சிலருக்கு மேல்தளம், சிலருக்குக் கீழ்த்தளம் கிடைத்தது. கீழே இருந்தவர்கள் தண்ணீருக்காக மேலே போய்வர வேண்டியிருந்தது. 'மேலே இருப்பவர்களுக்கு ஏன் தொந்தரவு? நம் பங்கிலேயே ஓர் ஓட்டை போட்டுக்கொள்வோம்' என்றார்கள். அவர்களை விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். கையைப் பிடித்தால் எல்லோரும் பிழைப்பார்கள்.

ஓட்டை போட நினைத்தவர்களின் வாதத்தைக் கவனியுங்கள். 'எங்கள் பங்கு' என்கிறார்கள். சீட்டில் முறையாக விழுந்த பங்குதான். பிறருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணமும் இருக்கிறது. உரிமையும் உண்டு, நல்லெண்ணமும் உண்டு. ஆனாலும் கப்பல் மூழ்கும். உரிமை எங்கே முடிகிறது என்பதை உரிமைச் சீட்டில் தேடினால் கிடைக்காது. பக்கத்தில் இருப்பவனின் உயிரைப் பார்த்தால்தான் தெரியும்.

இறால் ஏற்றுமதியில் பணம் கொழித்த காலத்தில் கடலோரமெங்கும் பண்ணைக் குளங்கள் வெட்டப்பட்டன. என் நிலம், என் குளம் என்றார்கள் உரிமையாளர்கள். பக்கத்துக் கிணறுகளில் உப்பேறியது, வயல்கள் பாழாயின, கழிவு நீர் கடற்கழிகளில் கலந்தது, மீனவர் கரைக்குப் போகும் வழி அடைபட்டது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் அவர்கள் உச்சநீதிமன்றத்துக்குப் போனார்கள். 1996 டிசம்பர் 11-ல் நீதிபதிகள் குல்தீப் சிங்கும் சகீர் அகமதும் தீர்ப்பளித்தார்கள். சில்கா ஏரியிலிருந்தும் பழவேற்காடு ஏரியிலிருந்தும் 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கக் கூடாது என்று அத்தீர்ப்பில் பெயர் சொல்லியே கட்டளையிட்டார்கள். பின்னர் 2005-ல் பாராளுமன்றம் இத்தொழிலுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. 2023-ல் அதையும் திருத்தியது. சட்டத்தின் கோடு இப்படி இடம் மாறிக்கொண்டே இருக்கும். அண்டை வீட்டான் கிணற்றில் உப்பேற்றக் கூடாது என்ற கடமை மட்டும் எந்தத் திருத்தத்தாலும் மாறாது.

பாட்டுக்கு வெளியே நிற்பவன்

இனி கொஞ்சம் கசப்பான ஒரு கேள்வி. வழக்காறு பழையது என்பதால் மட்டும் நியாயமாகிவிடுமா?

பாடு முறை தன் உறுப்பினர்களுக்குள் சமத்துவம் காட்டியது. ஆனால் அதில் யாருக்கு இடம்? அக்குப்பங்களின் பட்டினவர் சமுதாயத்தில் பிறந்து, திருமணமாகித் தலைக்கட்டு ஆன ஆண்களுக்கு. ஏரியை நம்பி வாழ்பவர்கள் அவர்கள் மட்டுமல்லர். பாட்டு உரிமை இல்லாத வேறு மீனவர்கள் இருக்கிறார்கள். நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் இருக்கிறார்கள். சீட்டுக் குலுக்கும் இடத்தில் இவர்கள் பெயர் இல்லை. ஏரியின் வளம் சுருங்கும்போது உள்ளே இருப்பவர்களுக்கும் வெளியே இருப்பவர்களுக்கும் மனத்தாங்கல் ஏற்படத்தானே செய்யும்?

அந்தக் குப்பங்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. வரம்பே இல்லாமல் எல்லோரையும் விட்டால் ஏரி தாங்காது என்ற அவர்கள் பயத்திலும் நியாயம் உண்டு. நமக்கு இதில் படிப்பினை இருக்கிறது. நம் ஜமாஅத்தின் சந்தா ஏட்டில் பெயர் உள்ளவர் யார், இல்லாதவர் யார்? வெளியூரிலிருந்து பிழைக்க வந்து வாடகை வீட்டில் இருப்பவருக்கு நம் மஹல்லாவில் பேச்சுரிமை உண்டா? கணவனை இழந்த பெண்ணின் முறையீட்டை யார் கேட்டு வந்து சபையில் வைக்கிறார்கள்? வழக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் வாசலுக்கு வெளியே ஒருவன் நிற்பான். தண்ணீர், மேய்ச்சல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற கருத்துள்ள ஹதீஸ், வெளியே நிற்பவனையும் பங்காளி என்றே அழைக்கிறது.

ஆகவே சட்டத்துக்கும் கடமைக்கும் உள்ள உறவு இருவழிப் பாதை. சட்டம் உறங்கும் இடத்தில் கடமை விழித்திருக்க வேண்டும். ஊர் வழக்கம் சிலரை மறந்தால், அவர்களுக்காகக் குரல் கொடுத்து நல்ல சட்டத்தைக் கொண்டு வருவதும் கடமையே. இது 'ஃபர்ளு கிஃபாயா' போன்றது. ஊரில் சிலர் செய்தால் எல்லோர் மீதும் உள்ள பொறுப்பு நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள்.

வீட்டில் கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகள்

இன்று மஃக்ரிபுக்குப் பின் குடும்பத்தோடு அமரும்போது, கொடுக்கல் வாங்கலில் ஏதாவது ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.

1. யாருமே பார்க்கவில்லை என்றாலும் இதை இப்படியே செய்வேனா?

2. இதையே எல்லோரும் செய்தால் ஊர் தாங்குமா? எனக்கு இதைப் பிறர் செய்தால் பொறுப்பேனா?

3. என் உரிமைப் பத்திரத்தில் பெயர் இல்லாத எவருக்காவது இதனால் இழப்பு உண்டா?

மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்த பிறகு சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். சட்டம் அனுமதித்தால் ஷுக்ரு செய்து முன்னே போங்கள். சட்டம் தடுத்தால் நின்றுவிடுங்கள். ஆனால் இந்த மூன்று கேள்விகளில் ஒன்று உள்ளத்தை உறுத்தினால், சட்டத்தின் அனுமதிச் சீட்டு கையில் இருந்தாலும் நின்றுவிடுங்கள். இரவின் இருட்டில், தன் முறை இல்லாத நாளில், படகைக் கரையிலேயே விட்டு வைத்திருக்கும் மீனவனைப் போல.

வல்ல அல்லாஹ் நம் கைகளைப் பிறர் உரிமையிலிருந்தும், நம் உள்ளங்களை ஏய்ப்பிலிருந்தும் காப்பாற்றுவானாக! ஆமீன்.